துணிவும் சூழலும்: மூளையின் குளுத்தமேற்று வாங்கிகள் குறித்து

உயிரினமொன்று ஆபத்தை ஏற்றுத் துணிவதன் காரணத்தை மூளையின் இரசாயனத்தில் மட்டுமே தேடும் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. இப்போக்கு எத்துணை பொருத்தமானது என்பதை விலங்குச் சோதனைகள் சிலவற்றின் துணைகொண்டு ஆராயலாம்.

மூளையில் நரம்புக் கலங்களைத் தூண்டும் பிரதான இரசாயனத் தூதுப்பொருள் குளுத்தமேற்று ஆகும். அதனை ஏற்கும் வாங்கிகளுள் என்.எம்.டி.ஏ. எனப்படும் வாங்கி தனித்தன்மை வாய்ந்தது. அதன் வாயிலை மகனீசியம் அயன் அடைத்து நிற்கும் என்பது 1984 இல் வெளிப்பட்டது. குளுத்தமேற்று வந்து சேர்வதும், அதனைப் பெறுங் கலம் ஏலவே தூண்டப்பட்டிருப்பதும் ஒருங்கே நிகழும்போதே அவ்வடைப்பு நீங்குகிறது. அவ்வேளை உட்புகும் கல்சியம் நரம்பிணைப்பின் வலிமையை மாற்றவல்லது. அனுபவம் மூளையிற் பதியும் வழிகளுள் இது முக்கியமானதாகும்.

எலிகளுக்கு இரு நெம்புகள் தரப்படுகின்றன. ஒன்றை அழுத்தினால் சிறிதளவு உணவு நிச்சயமாகக் கிடைக்கும். மற்றையதை அழுத்தினால் கூடுதலான உணவு சில வேளைகளில் மட்டுமே கிடைக்கும். அதற்கான நிகழ்தகவு படிப்படியாக மாற்றப்படும். என்.எம்.டி.ஏ. வாங்கியைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது எலிகளின் தெரிவு மாறியது. ஆனால் அம்மாற்றம், நிகழ்தகவு ஏறுவரிசையில் அமைந்ததா இறங்குவரிசையில் அமைந்ததா என்பதைப் பொறுத்து வேறுபட்டது என 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மருந்து ஒன்றே, விளைவு ஒன்றன்று. எலி கடந்து வந்த அனுபவத்தின் ஒழுங்கும் விளைவை நிர்ணயிப்பதை இங்கு காண்கிறோம்.

தேவையும் அவ்வாறே நிர்ணயிக்கும் சக்தியாகும். மஞ்சட்கண் ஜுங்கோ என்னும் சிறு பறவையைக் கொண்டு தோமஸ் கராக்கோவும் சகாக்களும் நடத்திய ஆய்வு 1980 இல் வெளிவந்தது. அன்றைய தேவைக்குப் போதிய இரை கிடைத்துவந்த வேளையில் பறவைகள் நிச்சயமான பங்கை நாடின. போதாதபோது, சராசரி ஒன்றாயிருந்தும், கூடியும் குறைந்தும் வரும் நிச்சயமற்ற பங்கையே நாடின. பற்றாக்குறையில் நிச்சயமான பங்கு பட்டினியையே நிச்சயமாக்கும். ஆகவே அத்துணிவை மூளையின் பழுதெனக் கொள்வதற்கில்லை.

விலங்குகளிற் கண்டதை மனித சமூகத்தின்மீது அப்படியே ஏற்றுதல் தவறு. எனினும், இல்லாதவன் பரிசுச்சீட்டு வாங்குவதையும் கடன்பட்டுத் தொழில் தொடங்குவதையும் அவனது மூளைக் குறைபாடாக மட்டும் விளக்குவோர், விலங்குச் சோதனைகளிலேயே புலப்படும் இவ்வுண்மையை மறக்கின்றனர். வாங்கி இன்றி அனுபவம் மூளையிற் பதிவது அரிது. அனுபவமின்றி வாங்கிக்குப் பதிப்பதற்கு எதுவுமில்லை. இவ்விரண்டையும் பிரித்து நோக்குவது பொறிமுறைப் பொருள்முதல்வாதமே தவிர, விஞ்ஞானமாகாது.