வெறும் வயிற்றிலும் தண்ணீர் அருந்தலாம்

திருச்சுழி வட்டாரக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தில் இரத்தப் பரிசோதனைக்கு வருவோருள் பலர், முந்தைய இரவுக்குப் பின் ஒரு வாய்த் தண்ணீர்கூட அருந்தாமல் வந்து சேர்கின்றனர். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களிலிருந்து நடந்தே வருவோரும் அவ்வாறே. ‘வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்பதற்குத் தண்ணீரும் கூடாது என்று பொருள்கொள்கின்றனர். இரத்தம் எடுக்கும் பணியில் உள்ள நாங்கள் முதலில் கூற விரும்புவது இதுவே: உணவு, பால், தேநீர், காபி ஆகியவற்றையே தவிர்க்க வேண்டும், வெறும் தண்ணீர் அருந்தலாம்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு 8 மணி நேரமும், கொழுப்புப் பரிசோதனைக்கு 9 முதல் 12 மணி நேரமும் உணவின்றி இருத்தல் வழக்கம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அதுவும் தேவையில்லை.

நம்முடையது வானம் பார்த்த பூமி. கரிமூட்டத்திலும் பருத்திக்காட்டிலும் பகலெல்லாம் உழைப்பவரின் உடல்நீர் வியர்வையாகவே வெளியேறிவிடுகிறது. நீர் குறைந்தால், மக்கள் ‘நரம்பு’ என்று வழங்கும் இரத்தக்குழாய்கள் சுருங்கி விரலுக்குத் தட்டுப்படா. ஒரு முறை குத்த வேண்டிய இடத்தில் இரு முறை குத்த நேரும். மேலும், இரத்தம் அடர்த்தியாவதால் சோகை உள்ளவருக்கும் ஹீமோகுளோபின் போதிய அளவில் இருப்பதுபோல் தோன்றக்கூடும். சிறுநீரகம் அல்லது இதய நோய்க்காகத் தண்ணீரின் அளவைக் குறைத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்பட்டவர்கள் மட்டும் தம் மருத்துவர் கூறிய அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

கையை நீட்டுமுன் சிலவற்றை எங்களிடம் தெரிவியுங்கள்: இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்கிறீர்களா? ஊசி கண்டால் மயக்கம் வருமா? அவ்வாறாயின் படுக்க வைத்தே எடுப்போம். டயாலிசிஸுக்கென அறுவை செய்த கையிலும், மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கையிலும் இரத்தம் எடுப்பதைத் தவிர்ப்போம். ரப்பர் பட்டை கட்டியபின் விரல்களை மீண்டும் மீண்டும் மடக்கி விரிக்க வேண்டா. பொட்டாசியத்தின் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும்.

கருப்பசாமி என்றும் மாரியம்மாள் என்றும் ஒரே காலையில் பலர் வரும் ஊர் இது. ஆகவே ‘நீங்கள்தானே?’ என்று கேளாமல், பெயரையும் வயதையும் உங்கள் வாயாலேயே சொல்லச் சொல்கிறோம். குழாயில் ஒட்டும் சீட்டை உங்கள் கண்முன்னே எழுதுவது எங்கள் கடமை. அதைச் சரிபார்ப்பது உங்கள் உரிமை. பேச இயலாதவருக்காக உடனிருப்பவர் சரிபார்க்கலாம்.

பல நிறக் குழாய்களைக் கண்டு அஞ்ச வேண்டா. மூன்று, நான்கு குழாய்கள் சேர்ந்தாலும் பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிலிட்டரே ஆகும். வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. எடுத்தபின் முழங்கையை மடக்காமல், பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பின்னர், கொண்டுவந்த உணவை அமர்ந்து உண்ணுங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையும் பார்க்க வேண்டியிருந்தால், முதல் வாய் உண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக 2 மணி நேரத்தில் எங்களிடம் வாருங்கள்.