சாதைக் என்னும் பர்மிய ஏட்டுப் பேழை

முன்னுரை

சுவடி ஆராய்வோர் ஏட்டையும் அதன் எழுத்தையும் அதில் அடங்கிய நூலையும் நுணுகி நோக்குவர். அவ்வேடு எதனுள் வைத்துக் காக்கப்பெற்றது என்பதைப் பெரும்பாலும் நோக்கார். பர்மிய ஏடுகளைப் பொறுத்தவரை இஃது ஒரு குறையாகும். 1989 முதல் மியன்மார் என வழங்கும் அந்நாட்டின் புத்த மடங்களில் ஏடுகளுக்கென்றே தனிப் பேழைகள் செய்து வைத்தனர். பொன்னும் மெருகும் பொலிய விளங்கும் அவை இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களாகக் காட்சியளிக்கின்றன. அப்பேழை வெறுங் கலைப்பொருள் அன்று, சுவடியின் ஒரு பகுதியாகவே கொண்டு ஆராயத்தக்கது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

இப்பேழையைப் பர்மியர் 'சாதைக்' என்பர். 'சா' என்னும் சொல் எழுத்தையும் எழுதப்பட்ட நூலையும் குறிக்கும். 'தைக்' என்பது கட்டடத்தையும் பொருளை அடைத்துக் காக்கும் இடத்தையும் குறிக்கும். பகான் நகரில் இன்றும் நிற்கும் பழைய நூல்நிலையத்திற்குப் 'பிடகதைக்' என்று பெயர். அனோரதா மன்னன் தாத்தோன் நகரினின்று கொணர்ந்த திரிபிடக ஏடுகளை வைத்தற்பொருட்டு 1058இல் அதனைக் கட்டினான் என்பது மரபுவழிச் செய்தி. 1783இல் போதோபயா மன்னன் காலத்தில் அது புதுப்பிக்கப்பெற்றது. பெருங் கட்டடத்திற்கும் சிறு பேழைக்கும் ஒரே சொல் வழங்குதல் கருதத்தக்கது. நூல்நிலையம் பெரிய பேழை; பேழை சிறிய நூல்நிலையம் என்னும் கருத்து இதனாற் பெறப்படும்.

அமைப்பும் மெருகும்

சாதைக் பெரும்பாலும் தேக்கினாற் செய்யப்பெறும். நீள்சதுர வடிவும், மேலே எடுத்து வைக்கத்தக்க மூடியும், கீழே பீடமும் கால்களும் உடையது. பர்மிய ஏடுகள் கூந்தற்பனை எனப்படும் தாளிப்பனையின் ஓலைகளாலானவை. அவ்வோலை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. ஓலையை மடக்காமல் நீளவாட்டில் வைத்தல் வேண்டுமாதலின் பேழையும் நீண்டு அமைந்தது. கால்கள் தரையின் ஈரத்தினின்று ஏட்டை உயர்த்தின. தேக்கு கறையானைத் தடுத்தது. மேற்பூச்சு நீர் புகாமற் காத்தது. ஏட்டின் பகை எவையோ அவற்றை எண்ணியே பேழையின் உறுப்புகள் அமைக்கப்பெற்றன.

மேற்பூச்சைத் தமிழில் அரக்கு என்று கூறுதல் பொருந்தாது. அரக்கு சிறு பூச்சிகளால் உண்டாவது. பர்மியர் பூசும் 'தித்சி'யோ ஒருவகை மரத்தைக் கீறி எடுக்கும் பால். 'தித்' மரம்; 'சி' பிசின். இப்பால் வெயிலில் உலர்ந்து இறுகுவதன்று. ஈரக்காற்றிலேயே இறுகும் இயல்பினது. ஆதலின் ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் பொருளை நிலவறையிற் பல நாள் வைத்தெடுத்து, மெருகிட்டு, மீண்டும் பூசுவர். இதனால் ஒரு பேழை நிறைவுறப் பல திங்கள் வேண்டும்.

இதே மரப்பால் நூல் எழுதவும் பயன்பட்டது. துறவு நெறிச் சடங்குகளுக்குரிய பாலி வாசகங்கள் அடங்கிய 'கம்மவாசை' என்னும் ஏடுகளிற் பல, துவராடைத் துணியின்மேல் இம்மரப்பாலைப் பூசித் தகடாக்கிப் பொன் ஒற்றி அமைக்கப்பெற்றவை. அவற்றின்மேல் எழுத்தைக் கருநிறத் தித்சியால் தடிப்பாக வரைவர். சதுரச் சாயலுடைய அவ்வெழுத்தைப் புளியங்கொட்டை எழுத்து என்பர். இங்கு ஏடும் எழுத்தும் பேழையும் ஒரே பொருளால், ஒரே தொழில் மரபில் தோன்றின என்க.

பொன்னோவியம்

பேழையின் முகப்பும் பக்கங்களும் ஓவியம் பெறும். சுவரையொட்டி நிற்கும் பின்புறம் பல பேழைகளில் வெறுமையாக விடப்பட்டுள்ளது. ஓவியம் செய்யும் முறைகளுள் ஒன்று 'ஷ்வேசவா' எனப்படும். கருமெருகு ஏறிய பரப்பில், பொன் படியாது விடவேண்டிய இடங்களை அரிதாரமும் மரப்பிசினும் கலந்த மஞ்சட் குழம்பால் எழுதுவர். பின்னர்த் தித்சியை மெல்லிதாகப் பூசிப் பொற்றகட்டை ஒற்றுவர். அஃது இறுகிய பிறகு நீராற் கழுவ, குழம்பு கரைந்து தன்மேற் படிந்த பொன்னையும் கொண்டு நீங்கும். எஞ்சியதே ஓவியம். மற்றொரு முறையில் தித்சியொடு சாம்பலைப் பிசைந்து 'தயோ' என்னும் பசையாக்கி, அதனாற் புடைப்புருவங்கள் அமைத்துக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துப் பொன் பூசுவர்.

புத்தர் வரலாறும் சாதகக் கதைகளுமே பெரும்பாலும் ஓவியப் பொருளாக வரும். சாதகங்களுள் இறுதிப் பத்தும் பர்மியரால் மிகவும் போற்றப்படுவன. பார்வையிழந்த பெற்றோரைப் பேணிய சாமன் கதையும், மக்களையும் ஈந்த வெசந்தரன் கதையும் அவற்றுட் சேர்ந்தவை. பாலி ஏட்டைப் படிக்க வல்லார் சிலர். பேழையின் ஓவியத்தைக் கண்டு கதையுணர வல்லாரோ பலர். உள்ளிருக்கும் அறம் கல்லாதார்க்கும் புறத்தே புலனாயிற்று. எனினும், ஓவியத்தைக் கொண்டே உள்ளிருந்த நூல் இன்னதெனத் துணிதல் கூடாது. சாதக ஓவியமுடைய பேழையில் வினய நூலோ அபிதம்ம நூலோ இருந்திருத்தல் கூடும்.

கொடையும் காலமும்

ஏடு எழுதுவித்தலும் பேழை செய்வித்தலும் புண்ணியமாகக் கருதப்பட்டன. சில பேழைகளிற் கொடுத்தோர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பெற்றுள்ளன. பர்மிய ஆண்டுடன் 638ஐக் கூட்டினால் கிறித்துவ ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். பர்மிய ஆண்டு 1200 என்பது 1838-39ஐக் குறிக்கும். ஏட்டைத் துணியிற் பொதிந்து கட்டும் 'சாசிஜோ' என்னும் நாடாவிலும் கொடையாளர் பெயரும் அவர்தம் வேண்டுதலும் எழுத்தாக நெய்யப்பெற்றன. ஏட்டின் இறுதியிலோ படியெடுத்து முடித்த நாள் குறிக்கப்பெறும். ஆகவே, ஒரு சுவடிக்குச் சான்றுகள் மூன்றாகின்றன: ஏட்டின் இறுதிக் குறிப்பு, நாடாவின் நெசவெழுத்து, பேழையின் பொறிப்பு. இவை ஒத்திருப்பின் கொடையின் முழு வரலாறு கிடைக்கும். வேறுபடின், பழைய ஏட்டிற்குப் பிற்காலத்தார் புதுப்பேழை அளித்தனரா, பழம்பேழையிற் புதிய ஏடு புகுந்ததா என்று ஆராய இடமுண்டாகும்.

சோழநாட்டு நூல்கள்

தமிழாய்வாளர்க்கு இப்பொருளில் நேரிய தொடர்பு ஒன்று உண்டு. சோழநாட்டினரான புத்ததத்தர் அபிதம்மாவதாரத்தைக் காவிரிப்பட்டினத்தில் இயற்றினார். வினயவினிச்சயத்தைக் களப்பாளர் மரபின் அச்சுதவிக்கந்தன் காலத்தில் பூதமங்கலத்தில் இயற்றினார். பிற்காலத்துச் சோழநாட்டுக் கசபர் மோகவிச்சேதனியை எழுதினார். தமிழகத்தில் புத்த மடங்கள் மறைந்தபின், இந்நூல்கள் இலங்கையிலும் பர்மாவிலும் வழிவழியாகப் படியெடுக்கப்பட்டே நிலைபெற்றன. அபிதம்மாவதாரம் பர்மிய மடங்களில் மாணவர் பயிலும் அபிதம்மச் சிறுநூல்களுள் ஒன்றாயிற்று. களப்பாளர் காலத்தைக் குறித்துச் சான்றுகள் அரியவாக இருக்கும் நிலையில், அம்மன்னன் பெயரைத் தாங்கிய நூலைக் காத்த ஏட்டு மரபு நமக்குப் பெரிதும் உரியது.

பிரிவால் நேர்ந்த இழப்பு

1885இல் மாந்தளை ஆங்கிலேயர் வசமானபோது அரண்மனை ஏடுகள் பல அழிந்தன, பல சிதறின. மடங்களினின்று வெளிச்சென்ற பொருள்களுள் பேழை ஓரிடத்தும் ஏடு வேறிடத்துமாகப் பிரிந்தவை உண்டு. பேழையின் விலை அதன் பொன்னழகாலும் ஏட்டின் விலை அதன் எழுத்தாலும் மதிக்கப்பட்டமையே இதற்குக் காரணம். காப்போரிடத்தும் இப்பிரிவு காணப்படும். 1973இல் பிரிட்டிஷ் நூலகம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தினின்று தனி நிறுவனமானபோது கையெழுத்துச் சுவடிகள் நூலகத்தைச் சார்ந்தன. மெருகுப் பொருள்கள் அருங்காட்சியகத்திலேயே நின்றன. ஏட்டை இழந்த பேழை எந்நூலைக் காத்தது என்பதைக் கூறாது; பேழையை இழந்த ஏடு எவரால், எம்மடத்திற்கு அளிக்கப்பட்டது என்பதைக் கூறாது போதலும் உண்டு.

முடிவுரை

ஆதலின், சுவடி அட்டவணை வகுப்போர் ஏட்டின் அளவையும் எழுத்தையும் குறிப்பதோடு, கட்டிய நாடா, பொதிந்த துணி, மரச்சட்டம், பேழை ஆகியவற்றையும், அவற்றிலுள்ள எழுத்துகளையும் உடன் குறித்தல் வேண்டும். பேழை மட்டும் கிடைப்பின் அதன் உட்புற நீளத்தை அளந்து பதிதலும் பயன் தரும். அதனுள் எந்நீள ஏடு அடங்கியிருத்தல் கூடும் என்பதை அவ்வளவு காட்டும். நூலை மட்டும் கொண்டு உறையைக் கைவிடும் வழக்கம் மாறினாலன்றி, அந்நூலைக் காத்தோர் வரலாறு முழுமையுறாது.