ஒரு வாயிலுக்கு இரு காவலரா?

ஊரைப் பிரிந்து வாழும் நம் குடும்பங்களுக்குக் கணினி இன்று இன்றியமையாதது. வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதில். ஊரிலுள்ள பெற்றோரின் முகம் காண்பதும் அதில். அதற்குக் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஃபயர்வால் எனும் தீச்சுவர் மென்பொருள்கள் இரண்டை நிறுவினால் காவலும் இரட்டிப்பாகும் என்று நம்மிற் சிலர் கருதுகின்றோம். அது பிழை.

கணினிக்குள் வருவனவற்றையும் வெளியே செல்வனவற்றையும் சோதித்து விடுவதே தீச்சுவரின் பணி. 2004ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக் முதல், விண்டோஸில் அது தானாகவே இயங்குகிறது. அதனுடன் வேறொன்றும் இயங்கினால் சோதனை இருமுறை நடக்கும், வேகம் குன்றும். ஒன்று அனுமதித்ததை மற்றொன்று மறிக்கும். அன்னையோடு பேசுகையில் தொடர்பு அறுந்தால், மறித்தது எதுவென்று அறிவது எங்ஙனம்? சலிப்புற்று இரண்டையும் நிறுத்திவிடுவோம், அதுவே பேரிடர்.

ரௌட்டரில் உள்ள தடுப்பு வேறு. அது தெருக்கதவு, கணினியின் தீச்சுவர் அறைக்கதவு. இவ்விரண்டும் சேர்ந்திருத்தல் நன்றே. ஓர் அறைக்கதவுக்கு ஒரு காவலர் போதும். வேறொன்றை விரும்பி நிறுவுவோர், விண்டோஸின் தீச்சுவர் ஓய்ந்துள்ளதா எனப் பார்த்துக்கொள்க. எதை வைத்தாலும் அதைக் காலந்தவறாது புதுப்பித்து வருக.

இன்னொன்றையும் நினைவிற் கொள்வோம்: அயலார் தொலைபேசியில் கேட்க, நாமே சொல்லிவிடும் கடவுச்சொல்லை எந்தத் தீச்சுவரும் தடுக்காது.