தோல் தொழிலில் நம் பங்கு எது?



உள்ளூர்த் தொழிலை அரசு வளர்ப்பது எப்படி என்று கேட்டால் நிலம், மின்சாரம், மானியம் என்றே பதில் வருகிறது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு காலணி, தோல் பொருள்கள் கொள்கை 20,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 2 லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. வேலை வேண்டும்தான். ஆனால் இதுவரையிலான வளர்ச்சிக்கு யார் விலை கொடுத்தார்கள்?

பாலாற்றுப் படுகை தோல் கழிவால் பாழான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும், 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள்.

தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டுச் சதை நீக்கும் வேலை பெரும்பாலும் சேரிக்கு. ஏற்றுமதி லாபம் வேறிடத்துக்கு. இது தானாக மாறாது. ஒப்பந்தத் தொழிலாளி உட்பட அனைவருக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டியதைக் காட்டும் ஆலைக்கே மானியத்தின் அடுத்த தவணை என்று அரசு விதிக்க வேண்டும். ஆம்பூரில் காலணி தைக்கும் பெண்கள் கூட்டுறவாகத் தொழிற்கூடம் நடத்த, 1974இல் தொடங்கிய தாட்கோ இடமும் இயந்திரமும் தர வேண்டும்.

தோலைத் தொட்டதற்காக நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அதே தோல் இன்று அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. அதில் கூலியோடு பங்கையும் கேட்போம்.