ஏரிமீனும் ஒட்டுண்ணியும்

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி வட்டத்தில் பெருமாள் ஏரி என்னும் பெரிய நீர்நிலை உள்ளது. பரவனாற்று நீரோடு, 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களினின்று இறைக்கப்படும் நீரும் அதனை வந்தடைகிறது. வயலுக்குப் பாசனத்தையும் வலைஞர்க்கு வாழ்வையும் தருவது அவ்வேரி. இத்தகைய ஏரிகளில், ஒரே பருவத்தில் பிறந்த மீன்களுள்ளும் ஒன்று கொழுத்திருக்க மற்றொன்று மெலிந்திருப்பதுண்டு. இரைக் குறைவும் நீரின் தன்மையும் இதற்குக் காரணங்களாகும். எளிதிற் புலப்படாத காரணம் ஒன்றும் உண்டு, அதுவே ஒட்டுண்ணி.

பிற உயிரின் உடலில் தங்கி, அதனிடமிருந்தே உணவைப் பெற்று வாழ்வது ஒட்டுண்ணி எனப்படும். மீன்பேன் மீனின் தோலைப் பற்றிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் குருதியை உறிஞ்சும். முள்தலைப்புழு விராலின் குடற்சுவரில் தலையைப் புதைத்துக்கொண்டு, செரித்த உணவை உடலின் மேற்பரப்பாலேயே ஈர்த்துக்கொள்ளும். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. லிகுலா என்னும் நாடாப்புழு கெண்டை இன மீன்களின் வயிற்றறையில் வளர்ந்து, சினை உருவாவதைத் தடுக்கும்.

மீன் உண்ணும் இரை, உயிர் தாங்கவும் உடல் வளரவும் இனம் பெருகவும் பயன்படுகின்றது. ஒட்டுண்ணி அதில் ஒரு பங்கைக் கவர்கிறது. அதனை எதிர்த்து நிற்க உடல் மற்றொரு பங்கைச் செலவிடுகிறது. எஞ்சியது உயிர் தாங்குவதற்கே செலவாவதால் வளர்ச்சி குன்றுகிறது.

எனினும், ஒட்டுண்ணி புகுந்த மீன் எப்போதும் சிறுத்துவிடும் என்று கொள்ளலாகாது. ஐரோப்பாவில் வாழும் முள்முதுகுச் சிறுமீன்களைப் பற்றிய ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரை நிறைய அளித்து வளர்க்கப்பட்டபோது, நாடாப்புழு புகுந்த மீன்கள் ஏனையவற்றினும் விரைந்து வளர்ந்தன. இதனால், ஒட்டுண்ணியின் தீங்கு மீனுக்குக் கிடைக்கும் இரையையும் பொறுத்தது என்பது விளங்கும். கோடையில் ஏரி சுருங்கி, மீன்கள் நெருங்கி, இரையும் அருகும்போது அத்தீங்கு மிகுகிறது. அந்நெருக்கத்தில் மீன்பேனும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதிற் பரவும்.

மஞ்சட்புழு என்பதன் வரலாறு வேறொன்றை உணர்த்தும். கொக்கின் தொண்டையில் வாழும் அப்புழுவின் முட்டைகள் நீரில் விழுகின்றன. அவற்றினின்று வெளிவரும் இளம்புழு நத்தைக்குள் புகுந்து பெருகும். பின்பு வெளியேறி மீனின் தசையில் மஞ்சள் நிறக் கூடாகத் தங்கும். அம்மீனைக் கொக்கு உண்ணும்போது சுழற்சி நிறைவுறும். இதற்காகக் கொக்கை அழிக்க முனைவது அறிவுடைமை ஆகாது. மீனைப் போலவே கொக்கும் நத்தையும் ஏரியின் குடிகளே. ஏரியைத் தூர்வாரி, கழிவு கலவாமல் காத்து, இரை குன்றாமல் பேணுவதே தக்கது. நல்ல நீரில் நிறைந்த இரையோடு வாழும் மீன் ஒட்டுண்ணியையும் ஓரளவு தாங்கி வளரும்.