செஞ்சிக் கோட்டை குழாயும் உங்க செல்போன் சார்ஜரும்... வோல்ட், ஆம்பியர், வாட் - ஒரு ஈஸி கணக்கு!

ராஜகிரி மலை ஏறி, நூறு செல்ஃபி எடுத்து இறங்கும்போது போனில் 4% சார்ஜ்தான் மிச்சம். ரூமுக்கு வந்ததும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜர், காபிக்குக் கெட்டில், சட்டைக்கு அயர்ன் பாக்ஸ்னு வரிசையா சொருகுறீங்க. கொஞ்ச நேரத்துல பிளாஸ்டிக் கருகுற வாசனை வருது. ஏன்?

பதில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல படிச்ச கணக்குதான். பரீட்சையோட மறந்துட்டோம். வாங்க, ஒரு தடவை திரும்பப் பார்த்துடலாம்.

குழாய்க்குள்ள ஒரு கோட்டை ரகசியம்

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான செஞ்சிக் கோட்டையில், கல்யாண மஹால் பார்த்திருப்பீங்க. அதன் மேல்தளம் வரை சுடுமண் குழாய் வழியாகவே தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலம். குழாயில் தண்ணீர் தானாக ஏறணும்னா, அது புறப்படுற இடம் உயரமா இருக்கணும். அந்த உயரம் தர்ற அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளும்.

மின்சாரமும் கிட்டத்தட்ட இப்படித்தான். தள்ளுற அழுத்தம் வோல்ட். ஓடுற ஓட்டத்தின் அளவு ஆம்பியர். குழாய் குறுகலா இருந்தா தண்ணீர் தடைபடும் இல்லையா, அந்தத் தடைக்குப் பெயர் ஓம். மூன்றையும் இணைத்து 1827-ல் புத்தகம் வெளியிட்டவர் ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓம். மொத்தமே இரண்டு வரிதான்:

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
மின்திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

உங்க சார்ஜரைத் திருப்பிப் பாருங்க. 5 வோல்ட், 2 ஆம்பியர்னு போட்டிருந்தா 10 வாட். 9 வோல்ட், 2.22 ஆம்பியர்னு போட்டிருந்தா 20 வாட். 'ஃபாஸ்ட் சார்ஜிங்' என்ற விளம்பரத்துக்குப் பின்னாடி இருக்கிறது இந்தப் பெருக்கல்தான்.

கெட்டில் எவ்வளவு இழுக்குது?

நம்ம வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கெட்டிலில் 1500 வாட்னு எழுதியிருக்கு. 1500-ஐ 230-ஆல் வகுத்தா, சுமார் 6.5 ஆம்பியர். அதன் மின்தடை 230 ÷ 6.5, சுமார் 35 ஓம். இப்போ சுவரில் இருக்கிற சின்ன பிளக் பாயின்ட்டைப் பாருங்க. அது 6 ஆம்பியருக்கானது. கெட்டில் ஒண்ணே அந்த அளவைத் தாண்டிடுச்சு! கூடவே 1000 வாட் அயர்ன் பாக்ஸ் போட்டா, மொத்தம் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். இதுக்குத்தான் பெரிய பின் வைத்த 16 ஆம்பியர் பாயின்ட் தனியா இருக்கு. கன்வெர்ஷன் பிளக் மாட்டி இதைச் சின்ன பாயின்ட்டில் சொருகினா, பின் மட்டும்தான் மாறும். உள்ளே இருக்கிற ஒயர் மாறாது.

கருகுற வாசனையோட கணக்கு

ஒயரில் உருவாகிற வெப்பம் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். ஆம்பியர் இரண்டு மடங்கானா, வெப்பம் நான்கு மடங்கு.

பிளக் லூஸா இருக்குன்னு வச்சுப்போம். அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை. 6.5 × 6.5 × 0.5 = 21 வாட். மின்னணுக் கடைகளில் ஈயம் உருக்குற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கிட்டத்தட்ட அதே சூடு, சுவரில் இருக்கிற பிளாஸ்டிக்குக்குள்ள! மொத்த ஓட்டம் அளவோட இருக்கிறதால ஃபியூஸுக்கோ எம்சிபிக்கோ இது தெரியவே தெரியாது. அதனால, பிளக்கைத் தொட்டா சுடுதுன்னா அதைச் சாதாரணமா விடாதீங்க.

வோல்டேஜ் குறைஞ்சா?

செஞ்சியைச் சுற்றி நெல்லும் வேர்க்கடலையும் விளையுற ஊர்கள். மோட்டார்கள் ஒண்ணா ஓடுற நேரத்துல லோ வோல்டேஜ் வர்றது புதுசில்ல. 230 இருக்க வேண்டிய இடத்துல 180 வோல்ட் வந்தா, அதே 35 ஓம் கெட்டில் 5.1 ஆம்பியர்தான் இழுக்கும். 180 × 5.1 = சுமார் 920 வாட். வோல்ட் குறைந்தது 22 சதவிகிதம்தான், வேகமோ ஏறக்குறைய 40 சதவிகிதம் போச்சு. 10 நிமிஷத்துல கொதிக்கிற தண்ணீருக்கு 16 நிமிஷம் ஆகும்.

பம்ப்செட் மோட்டார் கதை வேற. லோடு குறையாததால, வோல்டேஜ் குறைஞ்சா அது அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். காயில் எரியுறது இப்படித்தான். ஃபேன், மோட்டார் மாதிரி பொருள்களுக்கு 'பவர் ஃபேக்டர்' என்று இன்னொரு எண்ணும் கணக்கில் வரும். கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹீட்டருக்கு நாம போட்ட கணக்கே போதும்.

பில்லுக்கும் இதே கணக்கு

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். 1500 வாட் கெட்டில் 10 நிமிஷத்துக்குக் கால் யூனிட். தினமும் இரண்டு தடவைன்னா, இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். 2016-ல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த 100 யூனிட் இலவசத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, டீயிலேயே தீர்ந்துடும்!

உடம்பும் ஒரு மின்தடைதான்

தோல் காய்ந்திருந்தா தடை அதிகம். ஈரமானா பல மடங்கு குறையும். 1000 ஓம்னு வச்சுக்கிட்டா, 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். வீட்டில் மாட்டுற ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி வைத்திருப்பது ஏன்னு புரியுதா? அதைத் தாண்டினா இதயத்துக்கு ஆபத்து. சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கையும் பிடுங்காம, ஹீட்டர் ராட் போட்ட வாளியில் கை விடாதீங்க.

இன்னைக்கே மூணு வேலை செய்யுங்க. வீட்டுப் பொருள்களில் எழுதியிருக்கிற வாட்டை 230-ஆல் வகுத்து, 6-ஐத் தாண்டுறதை எல்லாம் 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு மாத்துங்க. லூஸான பிளக் பாயின்ட்டை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்துங்க. ஆர்சிசிபி இருக்கான்னு மெயின் பாக்ஸைத் திறந்து பாருங்க. போன்ல கால்குலேட்டர் இருக்கு, அஞ்சு நிமிஷம் போதும்.