கஞ்சாச் செடியின் இரவுக் கணக்கு

சட்டத்தின் கண்ணில் கஞ்சா என்பது முழுச் செடி அல்ல. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளைத்தான் கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்தக் கணக்கில் வராது. (அனுமதியில்லாமல் செடியை வளர்ப்பதே குற்றம் என்பது தனி.) ஆகவே அது எப்போது பூக்கிறது என்பது தாவரவியல் மாணவர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை.

உத்தராகண்டின் குமாவோன் மலைகளில் இது சாலையோரக் களை. அதன் விதையை வறுத்து அரைத்துச் சட்னி செய்வது அங்கே சாதாரண வீட்டுச் சமையல். விதையில் போதை இல்லை. ஜூன் மாதத்தில் பார்த்தால் செடியில் வெறும் இலைதான். ஆகஸ்ட் வாக்கில் கூர்ந்து கவனித்தால் மாற்றம் தெரியும். கீழ்த்தண்டில் எதிரெதிராக ஜோடி போட்டிருந்த இலைகள், மேலே போகப் போக ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறியிருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், பெண்செடியானால் சின்னஞ்சிறு பச்சை உறையும் அதிலிருந்து வெளியே நீளும் இரண்டு வெள்ளை இழைகளும். ஆண்செடியானால் மொட்டுக் கொத்து. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். ஆண் பெரும்பாலும் முந்திப் பூத்து, மகரந்தத்தைக் காற்றில் விட்டுவிட்டுக் காய்ந்துபோகும்.

எது பூக்க வைத்தது? மழையா, குளிரா, வயதா? பாரிஸில் ஜூலியன் டூர்நுவா என்ற இளம் ஆய்வாளர் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார். குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் முளைக்கவைத்த கஞ்சாச் செடிகள், இன்னும் நாற்றாக இருக்கும்போதே பூத்துவிட்டன. தினமும் சில மணி நேரம் மட்டும் வெளிச்சம் காட்டிப் பார்த்தார், அப்போதும் பூத்தன. பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று 1914இல் எழுதினார். அதே ஆண்டு மூண்ட போரில் அவர் மாண்டார். 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் புகையிலை, சோயா உள்ளிட்ட பயிர்களில், பூப்பைத் தீர்மானிப்பது பகல்-இரவின் நீளம் என்பதை விரிவாக நிறுவினார்கள். பாடப்புத்தகங்களில் அவர்கள் பெயர்தான் இருக்கிறது. அவர்கள் உழைப்புக்கு அது தகும். ஆனாலும் டூர்நுவாவுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

பகல் அல்ல, இரவுதான் முக்கியம் என்று டூர்நுவா ஊகித்தது சரி என்று 1938இல் உறுதியானது. ஹாம்னர், பானர் என்ற இரு ஆய்வாளர்கள் மருளுமத்தைச் செடிகளை வைத்துச் சோதித்தார்கள். பகலுக்கு நடுவே சிறிது நேரம் இருட்டாக்கினால் செடி பொருட்படுத்தவில்லை. நீண்ட இரவுக்கு நடுவே சிறிது நேரம் விளக்குப் போட்டாலோ, பூக்கவே இல்லை. செடி அளப்பது அறுபடாத இருட்டை. இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். செடிக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரமும் இதோடு சேர்ந்து கணக்குப் பார்க்கிறது. இரவு போதிய நீளத்தை எட்டியதும் இலையில் ஒரு புரதம் உருவாகி, உணவு செல்லும் குழாய் வழியே நுனிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அதுவரை இலை விட்ட குருத்து பூ விடத் தொடங்குகிறது.

ஓசூர்ப் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் இரவில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். சாமந்தியும் நீண்ட இரவுக்குக் காத்திருக்கும் இனம். இரவை விளக்கால் உடைத்து, தண்டு வேண்டிய அளவு வளரும்வரை பூவைத் தள்ளிப்போடுகிறார்கள்.

ஆக, காலண்டரில் ஒரே தேதியைக் குறித்துக் கொடுக்க முடியாது. பல ரகங்கள் இரவு சுமார் 10 மணி நேரத்தைத் தாண்டும்போது பூக்கத் தொடங்குகின்றன. பாரிஸில் ஜூன் இரவு 8 மணி நேரம்கூட இல்லை. 10 மணி நேரத்தை எட்ட ஆகஸ்ட் பிற்பகுதி ஆகிவிடும். சென்னையிலோ ஆண்டின் மிகக் குறுகிய இரவே 11 மணி நேரத்துக்கு மேல். பாரிஸுக்கு ஏற்ற விதையை இங்கே முளைக்கவிட்டால், எந்த மாதமானாலும் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்ப மண்டலத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ரகங்கள் இதைவிட நீண்ட இரவுக்குப் பழகியவை. அவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால் செப்டம்பர் தாண்டியும் உயர்ந்துகொண்டே போகும். விதை முற்றுவதற்குள் உறைபனி விழுந்துவிடும்.

இரவைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத செடிகளும் உண்டு. ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி 1924இல் விவரித்த ரூடராலிஸ் வகை, முளைத்த சில வாரங்களில் வயதை வைத்தே பூத்துவிடும். கோடை குறுகிய வடபுலத்தில் காத்திருக்க அவகாசம் ஏது?

நாருக்காக இதைப் பயிரிடுபவர்களுக்குப் பூ சீக்கிரம் வருவது நஷ்டம். பூத்தபின் தண்டு பெரிதாக வளராது. அதனால் ஐரோப்பிய விவசாயிகள், சற்றுத் தெற்கே உருவான ரகத்தை வடக்கே விதைத்து, பூப்பைத் தாமதப்படுத்தி உயரத்தைப் பெறுகிறார்கள். தொழில்முறைச் சாகுபடிக்கு 2018இல் உரிமம் கொடுக்கத் தொடங்கிய உத்தராகண்டில் கணக்கு தலைகீழ். அல்மோராவில் ஜூன் 21 அன்றே இரவு கிட்டத்தட்ட 10 மணி நேரம். ஐரோப்பிய விதை அங்கே தண்டு நீளும் முன்பே பூக்கப் பார்க்கும். உள்ளூர்ச் செடியோ இரவின் நீளம் 11 மணி நேரத்தை நெருங்கும்வரை பொறுத்திருக்கிறது. நாருக்கு வேண்டிய உயரம் அதில்தான் கிடைக்கும். போதைப்பொருளின் அளவை 0.3 சதவீதத்துக்குள் அடக்கிய ரகமாக அதை மாற்றியெடுப்பதுதான் அங்கே பாக்கியிருக்கும் வேலை.